மலை மேல் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்

எங்கள் தெருவில் இமயமலைப் பக்கம் போய் வந்த குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். போனது ரயில்வேக்காரர்களுக்குக் கிடைக்கிற இலவச பாஸில். மலை மேல் இருந்தது ஒரு சனியும் ஒரு ஞாயிறும். அந்த இரண்டு நாளுக்காகப் போக வர ஏறக்குறைய ஒரு வாரம் வண்டியில் கழிந்தது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது.

நான் எட்டாவது வரை படித்தவள். நாலு பேர் எதிரில் வாயைத் திறந்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். எழுதும்போது அந்தத் தொந்தரவு இல்லை.

எங்கள் வீடு ராயபுரத்தில், துறைமுகத்துக்குக் கரி போகிற வழியில் இருந்தது. காலையில் வெள்ளையாகக் கொடியில் போட்ட வேட்டி மாலையில் சாம்பல் நிறத்தில் இருக்கும். என் வீட்டுக்காரருக்குப் பெரம்பூர் ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர் வேலை. எங்களுக்கு இரண்டு பெண்கள். கணவரை இழந்த நாத்தனாரும், அதாவது அவருடைய அக்காவும், எங்களோடு இருந்தார். இத்தனை பேருக்கும் அடுப்பு ஒன்று, அதை மூட்டுகிறவள் நான் ஒருத்தி. விடிவதற்கு முன் தெருப் பம்பில் தண்ணீர் பிடித்து வந்து, ஈர விறகை ஊதி ஊதி மூட்டி, அவருக்குக் காலைப் பலகாரமும் அடுக்கில் மதியச் சோறும் கட்டி அனுப்பினால், பிள்ளைகளுக்கு, பிறகு நாத்தனாருக்கு, பிறகு மறுபடி ராத்திரிக்கு. அடுப்பு அணைந்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் எனக்கு ஓர் அசதி வந்து ஒட்டிக்கொண்டது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. நின்ற இடத்தில் உட்காரத் தோன்றும், உட்கார்ந்த இடத்தில் சாயத் தோன்றும். ஒரு நாள் பம்படியில் குடத்தை வைத்துவிட்டு அதன் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன். பின்னால் நின்றவர்கள் குடத்தைத் தட்டி எழுப்பினார்கள். "இன்னா யக்கா, வூட்ல பாய் இல்லியா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

இந்தக் கதை வீட்டுக்காரர் காதுக்கும் போயிற்று. ரயில்வே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, ஒரு டானிக் எழுதிக் கொடுத்து, "ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்றார். எடுக்கச் சொன்னாரே தவிர எங்கே வைத்து எடுப்பது என்று சொல்லவில்லை.

வீட்டுக்காரர் அதை விடாமல் யோசித்திருக்கிறார். ஒரு நாள் வேலை முடிந்து வந்ததும், கையில் இருந்த மசியைக்கூடக் கழுவாமல், "பாஸ் எழுதிக் குடுத்துட்டேன். மலைக்குப் போறோம்" என்றார்.

"எந்த மலைக்கு?"

"இமயமலைக்கு. முசூரிக்கு மேல ஒரு சின்ன ஊரு கீதாம். சத்தமே இல்லாத ஊராம். எங்க ஷாப்ல ஒர்த்தன் அந்தப் பக்கத்துக்காரன், அவன்தான் சொன்னான். தரும சத்திரம் ஒன்னு கீதாம். அங்க நீ அடுப்பே மூட்ட வேணாம்."

"பாஸு சும்மா குடுத்தா பக்கத்துல திருப்பதிக்குப் போறதுதானே? அவ்ளோ தொலைவு இன்னாத்துக்குடா?" என்றார் நாத்தனார்.

"திருப்பதிக்குப் போனா இவ க்யூவுல நிக்கணும்கா. அங்க படுத்துகினே இருக்கலாம்."

எனக்கு மலை மீது ஆசை இல்லை. பனி மீதும் இல்லை. அடுப்பு மூட்ட வேண்டாம் என்றாரே, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். டில்லி வண்டியில் உட்கார இடம் கிடைக்காமல் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து வந்தபோதும், ஆந்திரா தாண்டி வெயிலில் ஜன்னல் கம்பி சுட்டபோதும், சின்னவள் என் மடியில் வாந்தி எடுத்தபோதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள். கையில் கரி இல்லாமல், கண்ணில் புகை இல்லாமல், யாராவது போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கப் போகிறேன்.

டில்லி தாண்டி டேராடூன், அங்கிருந்து பஸ். வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் நாத்தனார் எதிரில் இருந்த சர்தாரின் தோளைப் பிடித்துக்கொண்டார். பஸ் நின்ற இடத்திலிருந்து சுமை கூலிக்காரர் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு முன்னால் நடக்க, நாங்கள் மேல்மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஏறினோம். அந்த ஊரில் உண்மையாகவே சத்தம் இல்லை. ஆலைச் சங்கு இல்லை, லாரி இல்லை. உயரமான மரங்களுக்கு நடுவே மஞ்சு புகை மாதிரி போய்க்கொண்டிருந்தது. எனக்கு நடுநடுவே காது அடைத்தது.

சத்திரத்துக் காவலர் வயதானவர், கழுத்தைச் சுற்றிக் கம்பளி மப்ளர் கட்டியிருந்தார். அறையைத் திறந்து காட்டினார். நல்ல அறை. போர்த்திக்கொள்ளப் பஞ்சு அடைத்த ரஜாய் வாடகைக்குக் கொடுத்தார். பிறகு முற்றத்தைத் தாண்டி ஒரு கொட்டகைக்கு எங்களைக் கூட்டிப் போய், சாணம் மெழுகிய மண் அடுப்புகளையும் அடுக்கியிருந்த விறகையும் காட்டி ஏதோ சொன்னார்.

வீட்டுக்காரருக்குப் பட்டறைப் பழக்கத்தில் கொஞ்சம் இந்துஸ்தானி தெரியும். கேட்டுவிட்டு அப்படியே நின்றார்.

"இன்னாவாம்?" என்றார் நாத்தனார்.

"இங்க சோறு போட மாட்டாங்களாம். தங்குறவங்களே சமைச்சிக்கணுமாம்."

நம் பக்கத்தில் சத்திரம் என்றால் வழிப்போக்கர்களுக்கு ஒரு வேளையாவது சோறு போடுகிற இடம். அந்தப் பக்கத்தில் அப்படி இல்லை, கூரையும் அடுப்பும்தான் தருமம். அவர் நண்பர் சத்திரம் என்றதும் இவர் நம் ஊர்ச் சத்திரத்தை நினைத்துக்கொண்டார். யாரையும் குறை சொல்ல முடியாது.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "பஜார்ல போய் எதுனா வாங்கினு வரட்டா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"நாலு நாளா பூரி துன்னு வவுறு காஞ்சி கெடக்குது. ஒரு வாய் சோறு இல்லாம இன்னொரு வேளை என்னால ஆவாது" என்றார் நாத்தனார். "அரிசி நான் கட்டிக்கினு வந்துட்டேன். பருப்பு கூட கீது. இன்னா பொண்ணு, ஒரு ஒல வெச்சிட்டா ஆச்சி."

பிள்ளைகளும் சோறு என்றதும் குதித்தார்கள். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

ஊர் விட்டு ஊர் வந்தும், நாட்டின் மறு கோடிக்கே வந்தும், ஒரு மண் அடுப்பின் முன்னால்தான் வந்து குந்தியிருக்கிறேன் என்று நினைத்தபோது அழுகை வரவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டும். விறகு பனியில் ஈரமாகிக் கிடந்தது. ஊதினேன். உலை கொதிக்கிற சத்தம் சீக்கிரமே வந்தது, அரிசியைப் போட்டேன். எங்கள் வீட்டில் வேகிற நேரம் ஆயிற்று, வேகவில்லை. அதற்கு மேலும் ஆயிற்று, அப்போதும் நடுவில் அரிசியாகவே இருந்தது. பருப்பு அதைவிட மோசம். மலை உயரத்தில் அப்படித்தான் ஆகும் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கைக்குக்கூடச் சமையல் மறந்துபோயிற்று என்பதுதான்.

நாத்தனார் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். "இன்னாடி இது, கல்லாட்டம் கீது?"

"வேகல அண்ணி."

"வேகலன்னா வேக வெய்யி."

வெகு நேரம் கழித்து ஒருவிதமாக வடித்தேன். அது தொண்டையில் இறங்குவதற்கு ஏதாவது வேண்டுமே என்று நாத்தனார் அறைக்குப் போய் டிரங்கைத் திறந்து, தன் புடவைகளுக்கு நடுவிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்தார். எனக்கே தெரியாது. காசிமேட்டு நெத்திலிக் கருவாடு. நான் வாயைத் திறப்பதற்குள் அதைத் தணலில் கொட்டிவிட்டார்.

அந்த வாசனை எங்கள் தெருவில் எழுந்தால் யாருக்கும் தெரியாது, எல்லா வீட்டிலும் அதுதான். அந்தச் சுத்தமான குளிர்காற்றில் அது எழுந்து நின்ற மாதிரி இருந்தது. முற்றத்துக்கு எதிர்ப்புறம் தங்கியிருந்த வியாபாரிக் குடும்பம் முதலில் கதவைச் சாத்தியது, பிறகு திறந்து வெளியே வந்தது. அப்புறம் காவலர் மப்ளரால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"யே கியா ஹை?"

"இன்னா ஹை? நெத்திலி ஹை!" என்றார் நாத்தனார். "நீயும் ரெண்டு துன்னு பாரு, அப்பால பேசு."

வீட்டுக்காரர் ஓடி வந்து கும்பிட்டார். தமக்குத் தெரிந்த இந்துஸ்தானி எல்லாவற்றையும் செலவழித்து மன்னிப்புக் கேட்டார். கொட்டகைக்குள் வெங்காயம் கூடக் கொண்டுவரக் கூடாதாம், அது அந்தச் சத்திரத்தின் கட்டுப்பாடு. காவலர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். நடுவில் என் சின்னப் பெண்ணைப் பார்த்தார். அவள் குளிரில் என் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"இன்னா சொல்றான் பெரியவன்?" என்றார் நாத்தனார்.

"புள்ளைங்க கீதுன்னு வெளிய தள்ளாம வுடறாராம். நாளைக்கு வண்டி வரைக்கும் ரூம்ல இருந்துக்கலாமாம்." அவர் தயங்கினார். "ஆனா கொட்டாய்ல நம்ம கால் வெக்கக் கூடாதாம். இனிமே அடுப்பு மூட்டக் கூடாதாம்."

"நாம இன்னா கொலையா பண்ட்டோம்? கருவாடு சுட்டதுக்கு இம்மாம் பேஜாரா?" என்று நாத்தனார் கத்திக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் அவமானத்தில் காது வரை சிவந்து நின்றார். எதிர் அறைக்காரர்கள் தீட்டுக் கழியத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கத்தால் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அடுப்பு மூட்டக் கூடாது என்று வீட்டுக்காரர் சொன்ன கடைசி வார்த்தைகள் என் நெஞ்சுக்குள் இதமாக இறங்கிக்கொண்டிருந்தன. முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்றிருந்தது.

அன்று மாலை பஜாரில் பூரியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு, சூடான பால் குடித்தோம். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூரியை மட்டும் நன்றாகவே சாப்பிட்டார்.

மறுநாள் வழக்கம்போல இருட்டிலேயே விழிப்பு வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து தலையை முடிந்துகொண்டு, குடம் எங்கே என்று கை தேடியது. குடம் இல்லை. பிடிக்கத் தண்ணீர் இல்லை, ஊத விறகு இல்லை. முடிந்த கொண்டையை அவிழ்த்துவிட்டு மறுபடி ரஜாய்க்குள் போனேன். அதன் கனம் யாரோ மேலே கை வைத்து அழுத்திப் படுக்கவைத்த மாதிரி இருந்தது.

எவ்வளவு நேரம் போயிற்றோ, பெரியவள் ஓடி வந்தாள். "யம்மா, பனிமல தெரியுதும்மா! நேத்து மஞ்சு மூடிகினு இருந்திச்சே, அது பின்னால அவ்ளோ பெரிசா கீது. வாம்மா!"

"நீ பாரு கண்ணு."

பிறகு நாத்தனார் வந்தார். அவர் மலைக்காக வரவில்லை. "ஏய், எந்திரி. கீழ டீக்கடைக்காரன் கிட்ட ஜாடையில பேசிட்டேன். அவன் அடுப்பு தரேன்றான். மிச்சம் அரிசி கீது. தம்பி நேத்துலேர்ந்து சரியா துன்னல. வா, சட்டுனு ஒரு ஒல வெச்சிட்டு வந்துரலாம்."

என் கால்கள் தாமாக ரஜாய்க்கு வெளியே வந்தன. அத்தனை வருஷப் பழக்கம். தரையின் குளிர் பட்டதும் நின்றேன். வாசலில் வீட்டுக்காரர் வந்து நிற்பது தெரிந்தது.

"நான் வர்ல அண்ணி" என்றேன்.

அது என் குரல் மாதிரி இல்லை. நாத்தனார் காதில் சரியாக விழவில்லை போல. "இன்னா?"

"நான் வர்ல. தூக்கம் வருது."

நாத்தனார் தம்பியைப் பார்த்தார். அவர் தன் கம்பளியை உதறி என் ரஜாய் மேல் போட்டார். "வுடுக்கா. தூங்கட்டும். அதுக்குத்தானே இட்டுகினு வந்தேன்" என்றார்.

"இமயமலைக்கு வந்து தூங்குறவள இப்பத்தான் பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் அரிசிப் பையை எடுத்துக்கொண்டு தானே இறங்கிப் போனார். அந்தச் சோறும் வேகவில்லை என்று பெரியவள் பிறகு என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். நாத்தனார் எனக்கென்று ஒரு கிண்ணத்தில் மூடி வைத்திருந்தார். நறுக் நறுக்கென்று இருந்தது, முழுதும் சாப்பிட்டேன்.

நான் எழுந்து வெளியே வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மஞ்சு மறுபடி எல்லாவற்றையும் மூடிவிட்டது. பெரியவள் மலை உப்பளம் மாதிரி இருந்தது என்றாள். சின்னவள் இல்லை, சலவை செய்து வந்த துணி மாதிரி என்றாள். வீட்டுக்காரர், "இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா திரும்பத் தெரியும்" என்று கை நீட்டிக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் காட்டின இடத்தில் வெறும் வெளுப்பு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பெட்டியைக் கட்டினோம்.

ஊர் திரும்பிய மறுநாளே பம்படி, அடுப்பு, அடுக்குச் சோறு. அசதி அந்தத் தூக்கத்தோடு போய்விட்டது என்று சொல்ல ஆசைதான், போகவில்லை. டானிக் பாட்டில் தீர்ந்தது, அது தீரவில்லை. தெருப் பெண்கள் பனிமலை எப்படி இருந்தது என்று கேட்பார்கள். "அவ எங்க பாத்தா? இழுத்துப் போத்திகினு தூங்கினாளே" என்று நாத்தனார் எனக்கு முன்னால் பதில் சொல்லிவிடுவார். அவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. அந்த மலையை ஒரு தரம் பார்த்திருக்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. இன்னும் ஒரு மணி நேரம் தூங்கியிருக்கலாம் என்று பல நாள் தோன்றியிருக்கிறது.