இருபத்தைந்து கஜத் தூரம்

மோட்டார் ஓட்டப் பழகுவதற்குச் சர்க்கார் சீட்டு வாங்க மூன்று தகுதிகள் வேண்டும் என்று சித்தப்பா வீட்டில் சொல்லியிருந்தார். ஒன்று, பதினெட்டு வயது. இரண்டு, குறையில்லாத கைகால். மூன்று, இருபத்தைந்து கஜத் தூரத்தில் நிற்கும் வண்டியின் நம்பரைப் பகல் வெளிச்சத்தில் படித்துச் சொல்லும் கண். முதல் இரண்டும் அவரிடம் இருந்தன.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் ஓடிய ஒரு பஸ்ஸின் பின்புறத்தில் ஆளுயர அடுப்பு ஒன்று இருந்தது. அதற்குக் கரி போட்டு, அனல் வரும்வரை விசிறியைச் சுற்றுவது சித்தப்பாவின் வேலை. அந்த வண்டியின் டிரைவர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். குற்றால சீசன் முடிவதற்குள் சீட்டு வாங்கிப் பழக ஆரம்பித்தால் அந்த இடம் உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மோட்டார் இன்ஸ்பெக்டர் திருநெல்வேலியில் இருந்தார். சீசனில் மட்டும் பரீட்சையைக் குற்றாலத்தில் வைப்பார். சட்டத்துக்கு வெளிச்சம் வேண்டும், அவருக்கு அருவி வேண்டும். இருபத்தைந்து கஜத்துக்கு அப்பால் அவர் நிறுத்துவது தன் சொந்தக் காரைத்தான். ஆகவே அந்தக் காரின் நம்பர் தென்காசி பஸ் ஷெட்டில் எல்லோருக்கும் பாடம். புதிதாகச் சேருகிறவனுக்கு வண்டிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் தொழுவத்துக் கதவில் சாக்கட்டியால் அந்த நம்பரை எழுதிவிட்டு நான் பக்கத்தில் நிற்பேன். தெருக்கோடியில் நின்று சித்தப்பா உரக்கச் சொல்லுவார். ஒரு நாளும் அவர் தப்பாகச் சொன்னதில்லை. நானும் ஒரு நாளும் வேறு நம்பர் எழுதியதில்லை. அந்த ஒரு நம்பரைத் தெரிந்துவைத்திருக்கிறாரா என்றுதான் சர்க்கார் பார்க்கிறது என்று நான் நம்பினேன். எனக்கு எட்டு வயது. வாத்தியார் மகள். வகுப்பில் முதல், அதனால் முதல் பெஞ்சில் கரும்பலகைக்கு நேர் எதிரே இடம். தமிழும் இங்கிலீஷ் எண்களும் தடுமாறாமல் வாசிப்பேன். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

பரீட்சையன்று என்னையும் அழைத்துப்போனார். கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுத் தோப்புப் பக்கம் போனோம். சாரல் தூவிக்கொண்டிருந்தது. குளித்துவிட்டு வந்தவர்கள் ஈரத்துணியோடு வேடிக்கை பார்க்க நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் தென்காசிக்காரர்கள். அப்பாவிடம் படித்தவர்களும் இருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் தூரத்தில் நின்ற கறுப்புக் காரைக் காட்டி, வாசிக்கச் சொன்னார். சித்தப்பா கையை நெற்றியில் வைத்து ஒரு பார்வை பார்த்தார். அது முறைக்காக.

"ரெண்டு, ஏழு, ஒண்ணு, ஆறு!"

இன்ஸ்பெக்டர் குடையை மடக்கினார்.

"அது என் வண்டி நம்பர்லா? என் வண்டி ரிப்பேராகித் திருநெல்வேலியில கெடக்கு. இது மதுரைக்காரர் ஒருத்தரோடது. திருநெல்வேலி வரைக்கும் கண்ணு தெரியுதே ஓய் உமக்கு!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. "ஏலே, அப்படியே மெட்ராஸ்ல மழையான்னும் பாத்துச் சொல்லுலே" என்று ஒருவர் கத்தினார். நான் சித்தப்பாவின் வேட்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"சாரல்ல மங்கலா இருக்குங்கய்யா" என்றார் சித்தப்பா.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. வானத்தைப் பார்த்து யோசித்தார். "சாரலாலதான்னா, அடுத்த வாரம் வெயில்ல இன்னொரு தடவ வாசிக்க விடுதேன். ஆனா அத யார்ட்ட கேக்க? நீங்க எல்லாரும் ஒரு கூட்டு." அவர் கண் என்மேல் விழுந்தது. "பாப்பா, நீ வா. பொய் சொல்லாம வாசி. உனக்கும் தெரியலன்னா சாரல் மேலதான் தப்பு."

இருபத்தைந்து கஜத்துக்குக் கிழித்திருந்த கோட்டில் போய் நின்றேன். காரின் முன்னால் வெள்ளையாக ஏதோ ஒன்று ஈரத்தில் கரைந்த கோலம் போலத் தெரிந்தது. எனக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. தூரத்தில் இருக்கும் எதுவும் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். கண்ணை இடுக்கினேன். எனக்குப் பின்னால் தலை துவட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் சர்வசாதாரணமாக அந்த எண்களை முணுமுணுத்தது காதில் விழுந்தது. சித்தப்பா குனிந்து என் முகத்தையே பார்த்தார். "தெரியல" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் அவருக்கு இன்னொரு வாரம் கிடைத்திருக்கும்.

அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"விட்டுருங்கய்யா. அதுக்கு எழுத்துத் தெரியாது."

"பள்ளிக்கூடம் போகலியா?"

"போகுது. மண்டையில ஏறமாட்டேங்கு."

"ஏ, இது நம்ம வாத்தியார் மகள்லா?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. "ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுக்காரு, வீட்டுல இப்படிக் கெடக்கு!"

காதுமடல் இரண்டும் எரிந்தன. அங்கேயே அரிச்சுவடியை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்துவிட வேண்டும் போலிருந்தது. கொலுசு, பாவாடை, முழங்கால் என்று என்னைச் சேர்ந்தவை ஒவ்வொன்றையும் எல்லோரும் பார்ப்பதாகத் தோன்றியது. சாட்சி இல்லாமல் சாரலைக் குற்றம் சொல்ல முடியாது என்று சொல்லி இன்ஸ்பெக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் ஏறச் சித்தப்பாவுக்கு மனமில்லை. நடந்தே திரும்பினோம். பாதி வழியில் ஒரு மரத்தடியில் நின்றார்.

"ஏட்டி, அந்த மேக்கொப்புல எத்தன கொரங்கு இருக்குன்னு சொல்லு பாப்பம்."

மேலே ஏதோ கீச்சிட்டுச் சலசலத்தது; எனக்கு இலைதான் தெரிந்தது. சமாதானம் பண்ணப் பார்க்கிறார் என்று நினைத்து, "கொரங்கும் இல்ல ஒண்ணும் இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அந்தக் கிளையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அடுத்த வாரம் அச்சன்புதூரிலிருந்து ஒருவர் டிரைவராக வந்தார். சித்தப்பா அவருக்குக் கரி போட்டார்.

பரீட்சையன்று வீட்டில் நுழைந்ததும் அம்மாவிடம் நான்தான் முதலில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வந்தது. "அவ அப்பா மானத்த வாங்கவா கூட்டிட்டுப் போனீய தம்பி?" என்று கேட்டாள். சித்தப்பா அம்மாவைச் சமையலறைக்குள் அழைத்துப்போய்த் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அதை அம்மா எனக்குச் சொல்லப் பல வருஷம் ஆயிற்று.

"எழுத்துத் தெரியாதுங்கத நாளைக்கே நாலு பேர் முன்னால வாசிச்சு அழிச்சிரலாம் மயினி. பொட்டப்பிள்ளைக்குக் கண்ணு தெரியாதுன்னு பேரு விழுந்தா யார் அழிக்க?"

வெளியே வரும்போது அவர் சொன்ன கடைசிப் பேச்சு மட்டும்தான் அன்று என் காதில் விழுந்தது: "சத்தங்காட்டாம ஒரு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க."

எழுத்துத் தெரியாதவள் என்று ஊர் முன்னால் சொன்னது போதாதென்று அதற்கு மருந்து வேறு வாங்கித் தரச் சொல்கிறாரே என்று நான் இன்னும் உரக்க அழ ஆரம்பித்தேன்.