முதல் பனி நாளில் ஒட்டிய ஸ்டிக்கர்

ஜப்பானில் அகிதா மலைப்பக்கம் ஒரு சின்ன ஊரில் ஒனோதெரா முப்பத்தாறு வருஷமாக கார் பட்டறை வைத்திருந்தார். வயது அறுபத்தொன்று. அவருக்குப் பிடித்தது அறுநூற்றறுபது சிசிக்கு உட்பட்ட குட்டி எஞ்சின்கள், மஞ்சள் நம்பர் பலகை போட்ட வண்டிகள். பெரிய கார்க்காரர் யாராவது வந்தால் வேலையைச் செய்து கொடுப்பார், ஆனால் மனசு ஒட்டாது. குட்டி எஞ்சினைப் பற்றிக் கேட்டால் மட்டும் மனிதர் விடமாட்டார். "மூணு சிலிண்டர். ஐம்பது குதிரைச் சக்தி கூட இல்ல. மூணு லிட்டருக்குக் குறைவா எண்ணெய் குடிக்கும். எண்ணெயை நேரத்துக்கு மாத்து, பெல்ட்டை ஒரு லட்சம் கிலோமீட்டர்ல மாத்து. ரெண்டு லட்சம் ஓடும். ஓடலேன்னா என்னை வந்து கேளு" என்பார்.

அந்த பெல்ட் விஷயத்தில்தான் அவர் கறார். எஞ்சினின் பக்கவாட்டில், மூடிக்குள், பல் வைத்த ரப்பர் பெல்ட் ஒன்று சுற்றுகிறது. மேலே வால்வுகளையும் கீழே பிஸ்டன்களையும் ஒன்றோடொன்று இடிக்காமல் ஏறி இறங்க வைப்பது அதுதான். அறுந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும், எஞ்சின் அந்த நொடியே போய்விடும். வெளியே இருந்து பார்த்தால் பெல்ட் புதிதா பழையதா என்று தெரியாது. அதனால் எந்தப் பட்டறையிலும் மாற்றியவுடன் தேதியும் கிலோமீட்டரும் எழுதி எஞ்சின் பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அடுத்து யார் திறந்தாலும் அதைத்தான் நம்புவார்கள்.

ஒனோதெரா மட்டும் ஸ்டிக்கரை முதலில் ஒட்டுவார். குளிர்ந்த தகரத்தில் அது ஒட்டாது, இரண்டே மாதத்தில் உரிந்து விழும். வண்டி ஓடிவந்த சூட்டிலேயே துடைத்து ஒட்டிவிட்டால் வண்டி உள்ளவரை நிற்கும். ஒட்டிவிட்டு, எஞ்சின் ஆறியதும் வேலையைத் தொடங்குவார். வேலை முடிந்ததும் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு. இறுக்கிவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். கணவாய்க்கு அந்தப் பக்கம் பட்டறை வைத்திருந்த கமாதா மஞ்சள் கோடு போடுவார். ஒனோதெராவுக்கு அந்த மஞ்சளைக் கண்டாலே ஆகாது. மூன்று வருஷத்துக்கு முன் பட்டறைக்காரர் சங்கத்தின் வருஷக் கடைசி விருந்தில், சாகே என்ற அரிசி மது இரண்டு குப்பி உள்ளே போனதும், "கமாதா போல்ட்டை முறுக்குறதே இல்ல. பெயிண்ட் அடிச்சு ஒட்டி வெச்சிடுறான்" என்று சொல்லி நாற்பது பேரைச் சிரிக்க வைத்தார். கமாதாவும் சிரித்தார்.

இந்த ஏப்ரலில் பனி டயர்களையெல்லாம் கழற்றி அலமாரியில் அடுக்கும்போது, ஒரு மூலையில் தட்டு துருப்பிடித்து சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்தப் பின்னால் கையை விட்டார். ஒரு அட்டைப்பெட்டி வந்தது. தூசு மண்டி, ஒட்டிய நாடா பிரிக்காமல். மேலே அவர் கையெழுத்தில், "நாகநுமா. வேன். பெல்ட்."

பெட்டியைப் பிரித்தார்; மாட்டியிருக்க வேண்டிய புது பெல்ட் உள்ளேயே இருந்தது.

நாகநுமா இட்சுகோ டோஃபு, அதாவது சோயாப் பால் கட்டி, விற்பவள். தினமும் விடிகாலையில் டோஃபு செய்து, வேனில் ஏற்றி, கணவாய்ச் சாலையில் பதினொரு குக்கிராமங்களுக்குக் கொண்டு போகிறாள். ஒனோதெராவுக்கு அந்த நாள் இப்போது கண்முன் வந்தது. ஆறு வருஷத்துக்கு முன், டிசம்பர் மூன்று. வேனை உள்ளே விட்டு, ஓட்டுநர் இருக்கையைத் தூக்கி, அடியில் இருந்த எஞ்சின் பக்கம் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு நிமிர்ந்தார். வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. அந்த வருஷத்தின் முதல் பனி. அரை மணி நேரத்தில் ஊரே பனி டயர் மாட்ட வந்து வரிசையில் நின்றுவிட்டது. ஒன்று, இரண்டு என்று முப்பது வண்டிகள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இட்சுகோ வேனைக் கேட்டு வந்தபோது அவர் ஏதோ ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். அவர் மனைவி மிசாவோ இருக்கையைத் தூக்கிப் பார்த்தாள். ஸ்டிக்கர் இருந்தது. ரசீது போட்டுச் சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அதன்பின் மூன்று முறை அந்த வேன் அரசாங்கச் சோதனைக்காக இவரிடம் வந்து போயிருக்கிறது. மூன்று முறையும் இருக்கையைத் தூக்கினார், ஸ்டிக்கரைப் படித்தார், இருக்கையை மூடினார்.

அவர் இட்சுகோவுக்குப் போன் செய்தார். மலைக்குள் சிக்னல் இல்லை.

"ஏங்க, இப்ப அவ எங்க இருப்பா?" என்றாள் மிசாவோ. முகம் வெளுத்திருந்தது. "நான் பாத்துட்டுதாங்க கொடுத்தேன். ஸ்டிக்கர் இருந்துச்சு."

"உம்மேல தப்பில்ல. ஒட்டினவன் நான்."

கணவாய் இறக்கத்தில், டோஃபுத் தண்ணீர்த் தொட்டிகளோடு, ஒரு லட்சத்து எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய பெல்ட்டின் மேல் அவள் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருக்கிறாள். இறக்கத்தில் எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக் இரண்டு மிதிக்குமேல் கேட்காது. வண்டி தூக்கும் லாரியை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார். ஒவ்வொரு வளைவிலும் தடுப்பு வேலி முழுசாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனார்.

ஏழாவது கிராமத்தில், டோஃபு வந்துவிட்டதென்று இட்சுகோ ஊதும் குழலின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அவர் கண் கலங்கியது உண்மை. அவர் போய்ச் சேர்ந்தபோது இட்சுகோ ஒரு வீட்டு வாசலில் டோஃபுவைக் கிண்ணத்தில் இறக்கிக்கொண்டிருந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒனோதெரா முதலில் போய் அதை அணைத்தார். பிறகு அவள் முன்னால் வந்து இடுப்பு வரை குனிந்தார்.

"டோஃபுக்காரம்மா, மன்னிச்சிடுங்க. ஆறு வருஷம் முன்ன உங்க பெல்ட்டை நான் மாத்தல. மாத்தாமலே ஸ்டிக்கர் ஒட்டி, காசும் வாங்கிட்டேன்."

அவள் வேனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அறுந்தா என்ன ஆகும்?"

"எஞ்சின் போயிடும். இறக்கத்துல இருந்தா..."

"ஆறு வருஷமாவா அதுமேல உக்காந்திருக்கேன்?"

"ஆமா."

"எவ்வளவு நேரம் குனிஞ்சே நிப்பீங்க? நிமிருங்க, இடுப்பு பிடிச்சுக்கும்." அவள் குரல் கறாரானது. "இன்னும் நாலு ஊர் பாக்கி. டோஃபு சாயங்காலத்துக்கு நிக்காது. அதை யாரு விக்கிறது?"

அப்படித்தான் அன்று மத்தியானம் வேன் லாரியின் முதுகில் ஏறி நான்கு கிராமங்களுக்குப் போனது. இட்சுகோ குழல் ஊத, முப்பத்தாறு வருஷமாக கிரீஸைத் தவிர எதையும் தொடாத மனிதர் லாரி மேலே ஏறி நின்று, டோஃபு எடுத்து எடுத்துக் கொடுத்தார். இரண்டை உடைத்தார். "நட்டு மாதிரி பிடிக்காதீங்க" என்று திட்டு வாங்கினார்.

பட்டறைக்கு வந்ததும் இட்சுகோ போகவில்லை, பக்கத்திலேயே நின்றாள். அவர் இருக்கையைத் தூக்கி எஞ்சின் மூடியின் போல்ட்டுகளைப் பார்த்தார். ஒன்றிலும் வெள்ளைக் கோடு இல்லை. மூன்று சோதனையிலும் இதே போல்ட்டுகள் இவர் கண்ணெதிரேதான் இருந்தன. மூடியைக் கழற்றினார். விரிசல் விட்ட, பல் தேய்ந்த பெல்ட்டுக்கு மனசைத் தயார் செய்து வைத்திருந்தார்.

பெல்ட் நன்றாக இருந்தது. பின்பக்கம் வழவழப்பு கூடப் போகவில்லை. உள்ளே இருந்த போல்ட்டுகளின் தலையில் வரிசையாக மஞ்சள் கோடுகள்.

"இதுல வேற யாராவது கை வெச்சாங்களா?" என்றார்.

இட்சுகோ தயங்கினாள். "மூணு வருஷம் முன்ன, அக்டோபர்ல, கணவாய்க்கு அந்தாண்ட தண்ணி ஒழுகி வண்டி நின்னுபோச்சு. கமாதாசான்தான் தண்ணி பம்பை மாத்தினார். உங்ககிட்ட சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு சொல்லல. ஆனா பெல்ட் பத்தி அவர் ஒரு வார்த்தை பேசலியே."

பம்பு பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றாமல் அதைத் தொட முடியாது. ஒனோதெரா கணக்குப் போட்டார். அக்டோபரில் பம்பு. டிசம்பரில் சங்கத்து விருந்து. நாற்பது பேர் சிரித்த அந்த நேரத்தில் கமாதாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒனோதெராவுக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் காலையில் ஒரு பெட்டி இனிப்போடு கணவாயைத் தாண்டிப் போனார். கமாதா கை துடைத்துக்கொண்டே வந்தார்.

"அடடே, ஒனோதெராசான். டீ குடிக்கிறீங்களா?"

"பெல்ட்டைப் பாத்தேன்."

"ஓ" என்றார் கமாதா. துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"நான் மாத்தலேன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"மூடியில வெள்ளைக் கோடு இல்ல. நீங்க தொட்டிருந்தா வெள்ளை இருக்கும். அது இந்த மலைக்கே தெரியும்."

"என் ஸ்டிக்கரை ஏன் கிழிக்கல? மூடி மேல உங்க கோட்டைக்கூட போடலியே."

"உள்ள போடாம இருக்க முடியல, கை பழகிப்போச்சு. வெளிய எதுக்கு? உங்க ஸ்டிக்கர்ல இருக்குற பழைய தேதியை நம்பி, அடுத்த பெல்ட்டைக் கொஞ்சம் முன்னாடியே மாத்தினா யாருக்கும் ஆபத்தில்ல." கமாதா டீயை ஊற்றினார். "ஸ்டிக்கர்ல தேதி பாத்தேன். டிசம்பர் மூணு. அன்னிக்கு இங்கயும் பனி. ஒருத்தர் சக்கரத்துல நாலு நட்டையும் கையால மாட்டி, இறுக்காம அனுப்பிட்டேன். அவர் வாசலைத் தாண்டறதுக்குள்ள ஞாபகம் வந்து ஓடினேன். எனக்கு ஞாபகம் வந்துச்சு, உங்களுக்கு வரல. அவ்வளவுதான்."

"அந்த விருந்துலயாவது சொல்லியிருக்கலாம்."

"எல்லாரும் சிரிச்சிட்டு இருந்தாங்களே. அப்ப சொன்னா அது பெல்ட் பத்தின பேச்சா இருக்காது."

ஒனோதெரா டீயைக் கீழே வைத்துவிட்டு, பம்பு மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் கேட்டார். கமாதா பழைய நோட்டைப் புரட்டிச் சொன்னார். அதைக் கையிலேயே எழுதிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் இட்சுகோ வேனை எடுக்க வந்தபோது எஞ்சின் பத்து நிமிஷமாக ஓடிக்கொண்டிருந்தது. தகரம் சூடானதும் அதை அணைத்து, பழைய ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார். புதியதைத் துடைத்த இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் நாலு மூலையையும் அழுத்தினார். இட்சுகோ குனிந்து படித்தாள். தேதி, கிலோமீட்டர், மாற்றியவர் கமாதா.

"இதுல உங்க பேரே காணோமே, ஒனோதெராசான்?"

"நான் ஒண்ணும் செய்யலியே" என்று சொல்லி அவர் இருக்கையை மூடினார்.