நெற்றியில் ஊற்றிய பிளேன்டீ

நெற்றித் தழும்பைப் பற்றி யாராவது கேட்டால் வழுக்கி விழுந்ததாகச் சொல்வேன். அது பொய்.

கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வரைபடம் தயாரிக்கப் போயிருந்தேன். அந்த மலையில் எந்த நிலத்தை, எந்த ஊற்றை முதலில் காப்பது என்று தொழிலாளர் வீட்டு வரிசைகளான மேல் லயத்தாரும் கீழ் லயத்தாரும் சேர்ந்து குறிக்க வேண்டும்.

கூட்டத்தில் வரைபடத்தை விரித்து நான் பேனையை நீட்டியதும் கீழ் லயத்து ஆள் ஒருவர் எழுந்தார்.

"ஊத்தெல்லாம் அப்புறம் குறிக்கலாம் சார். காலையில எங்க தண்ணி பைப்ப வெட்டுனவன மொதல்ல குறிங்க."

"நேத்து எங்க பைப்ப வெட்டுனது யாரு?" என்றாள் மேல் லயத்துப் பெண் ஒருத்தி.

அவ்வளவுதான். சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். யாருடைய பல்லோ தெறித்து வரைபடத்தில் விழுந்தது. விலக்கப் போனேன். அந்தப் பெண் தான் உட்கார்ந்திருந்த கதிரையைத் தூக்கி வீச, அது என் நெற்றியில் வந்து மோதியது. கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது.

தடுமாறி வெளியே போய்க் குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இரண்டு லயத்துக்கும் அன்று தண்ணீர் இல்லை.

கதிரையை வீசியவளே, கூட்டத்துக்கு வைத்திருந்த தேநீர்க் கேத்தலோடு ஓடி வந்தாள். பால் விடாத, ஆறிப்போன பிளேன்டீயை ஊற்றி என் காயத்தைக் கழுவினாள்.

"சீனி போட்டது சார், பிசுபிசுக்கும். கழுவ வேற ஒண்ணும் இல்ல."

திரும்பும் பஸ்ஸில் தாகமெடுத்துப் பையைத் திறந்தேன். கண்டியில் வாங்கிய தண்ணீர்ப் போத்தல் மூடிகூடத் திறக்காமல் கிடந்தது. நான் ஒளித்து வைக்கவில்லை. அது இருந்ததே எனக்கு நினைவில்லை.

கையில் தண்ணீர் இருப்பதையே மறக்க முடிந்த நான்தான், எந்த ஊற்று முக்கியம் என்று அவர்களிடம் கேட்கப் போயிருந்தேன்.