யமே சொல்ல நீ யார்?

போன ஞாயிற்றுக்கிழமை பொம்மிடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வந்த கோபம், இன்னும் உட்காராமல் நின்றுகொண்டே இருக்கிறது. அதனால் இந்த வாரப் பத்தியில் மேகம், மழை, மாம்பூ எதுவும் கிடையாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண்டப மேடையில் முந்தின நாள் கல்யாணத்தின் தெர்மகோல் எழுத்துகள். மணமகன் பெயரில் பாதி உதிர்ந்துவிட்டது. கீழே வரிசையாக, வெள்ளை உடுப்பில் நாங்கள். கராத்தே பெல்ட் டெஸ்ட்.

ஆமாம், நானும்தான். நாற்பத்தொன்பது வயதில். "மூட்டு வலிக்கு நடக்கச் சொன்னா, நீங்க உதைக்கப் போயிட்டீங்களா மேடம்?" என்று என் டாக்டர் கேட்டார்.

உண்மையில் நான் போனது அங்கே புழங்கும் ஜப்பானியச் சொற்களுக்காக. 'ரெய்' என்றால் வணங்கு. 'ஹஜிமே' என்றால் தொடங்கு. 'யமே' என்றால் நிறுத்து. மாஸ்டர் எதைச் சொன்னாலும் எங்கள் பதில் 'ஓஸ்'. சரி, புரிந்தது, ஆகட்டும், உத்தரவு — எல்லாம் அந்த ஒரு ஓஸுக்குள் அடக்கம். கேட்டதும் மயங்கிவிட்டேன். புதுச் சொல் கிடைத்தால் கற்கண்டு மாதிரி கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு திரிகிறவள் நான். ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது ஹஜிமே, இறங்கியதும் யமே. பிளாட்பாரத்தில் வேர்க்கடலை விற்பவர் ஒரு மாதிரி பார்த்தார்.

சொற்களை எனக்குப் பழக்கியது மஞ்சுளா. ஸ்டேஷன் ரோட்டில் தையல் கடை வைத்திருப்பவள். என்னோடு அதே வகுப்பில் படிக்கிறாள் — பல வருடம் மூத்த மாணவி, நீல பெல்ட்.

"மனப்பாடம் பண்ணாதீங்கக்கா. ஹஜிமேன்னா பெடல மிதிங்க. யமேன்னா கால எடுங்க. அவ்ளோதான்."

சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஜாக்கெட் கையை மூட்டிவிட்டாள்.

மஞ்சுளா சித்தேரிப் பெண். மலையில் பிறந்து, அங்கே ஒரு ஹாஸ்டலில் தங்கிப் படித்து, பொம்மிடியில் வாழ்க்கைப்பட்டவள். அந்த ஹாஸ்டலில் இப்போதிருக்கும் வார்டனம்மா அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். பிரவுன் பெல்ட் வாங்கிக்கொண்டு வா, ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நீயே கராத்தே வகுப்பு எடு.

"மல பஸ்ஸுல கூட்டத்துல எவனாச்சும் கையப் புடிச்சா நாங்கல்லாம் என்னா பண்ணுவோம் தெரியுங்களா? ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டே வருவோம். எறங்குற எடம் எப்ப வரும்னு. இந்தப் புள்ளைங்களும் அப்பிடியே வரணுமாக்கா?"

அதற்குத்தான் அவளுக்கு அந்த பெல்ட். இடுப்பில் அழகுக்குக் கட்ட அல்ல.

டெஸ்டின் கடைசிச் சுற்று, மணிக்கட்டுப் பூட்டு. ஜோடியில் ஒருவர் மற்றவர் கையை முறுக்கிப் பிடிக்க வேண்டும். மாஸ்டர் யமே சொல்லும்வரை விடக்கூடாது. விட்டால் ஃபெயில். பிடிபட்டவர் சத்தம் போட்டால் அவரும் ஃபெயில். இன்னொன்று — வகுப்பில் தமிழே பேசக்கூடாது என்பது எங்கள் மாஸ்டரின் சட்டம்.

மஞ்சுளாவின் ஜோடி நந்தினி. காலேஜ் பெண். போலீஸ் வேலைக்குத் தினமும் விடிகாலையில் ஓடிப் பழகுகிறவள்.

மாஸ்டர் 'ஹஜிமே' என்றார். மஞ்சுளா பூட்டைப் போட்டாள். அந்த நேரம் பார்த்தா சிறப்பு விருந்தினர் வர வேண்டும்? மாஸ்டர் பொன்னாடையோடு வாசலுக்கு ஓடினார். போர்த்தினார். போட்டோ. "சார், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க." மறுபடி போட்டோ. பின்னணியில் நாங்கள், ஒருவர் கையை ஒருவர் முறுக்கியபடி. வீரமாகத் தெரிய வேண்டாமா?

நந்தினியின் முகம் வெளுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. சத்தம் மட்டும் வரவில்லை.

"யமே."

சொன்னது மஞ்சுளா. சொல்லும்போதே கையை விட்டுவிட்டாள். அந்தச் சொல்லுக்கு நாங்கள் எவ்வளவு பழகியிருந்தோம் என்றால்... மண்டபத்தில் அத்தனை ஜோடியும் கையை விட்டது. விருந்தினர் சிரிக்கும் போட்டோவில் பின்னால் ஒரு கூட்டமே மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறது.

மாஸ்டர் திரும்பினார். "யார் சொன்னது?"

"நாந்தாங்க மாஸ்டர்."

"யமே சொல்ல நீ யாரு?"

"கையப் புடிச்சிருந்தது நாந்தானுங்களே. எவ்ளோ முறுக்குதுன்னு எனக்குத்தான தெரியும்?"

நந்தினி கையை மார்போடு அணைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். "வலிச்சுதுங்க மாஸ்டர்."

"கிளாஸ்ல தமிழ் பேசாத" என்று தமிழிலேயே அதட்டினார் மாஸ்டர்.

அங்கேதான் எனக்கு உச்சந்தலையில் ஏறியது. வந்த நாளிலிருந்து எத்தனை சொற்கள் கற்றேன்... குத்து, உதை, தடு, வணங்கு, வரிசையில் நில். 'வலிக்கிறது' என்று ஒரு சொல் எங்களுக்குச் சொல்லித்தரப்படவே இல்லை. தமிழில் சொல்லக் கூடாது. ஜப்பானியத்தில் சொல்லத் தெரியாது. பிறகு வலி எந்த வழியாக வெளியே வரும்? மணிக்கட்டு வழியாகத்தான். மாலைக்குள் நந்தினியின் கை வீங்கிவிட்டது.

ஜப்பான் பாவம், அதன்மேல் பழியில்லை. வீட்டுக்கு வந்து போனில் தேடிப் பார்த்தேன். 'இதாய்' — வலிக்கிறது. குழந்தைகள்கூடச் சொல்லும் சொல்லாம். சேலத்தில் கராத்தே கற்றுத்தரும் ஒரு தோழியைக் கேட்டேன். "பிடிபட்டவங்க வலிக்குதுன்னு கையால தட்டினா உடனே விடணும். எங்க கிளாஸ்ல அதுதான் முதல் பாடம்" என்றாள். ஆக, ஒரு மொழியையே கடல் தாண்டிக் கொண்டுவந்த நம் ஆட்கள், வரும் வழியில் அந்த ஒரு பாடத்தை மட்டும் இறக்கிவிட்டு வந்திருக்கிறார்கள்.

கராத்தேயில் மட்டுமா? தொடங்கு என்ற சொல் இந்த ஊரில் எல்லோருக்கும் இலவசம். வேலையைத் தொடங்கு, சமையலைத் தொடங்கு, வரிசையில் நிற்கத் தொடங்கு. நிறுத்து என்ற சொல் மட்டும் மேலே ஒருவர் சட்டைப் பையில் இருக்கிறது. அவர் போட்டோவுக்கு நிற்கிறார். கீழே கை முறுகிக்கொண்டிருக்கிறது. நாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓஸ், ஓஸ், ஓஸ்...

தீர்ப்புக்கு வருகிறேன். மாஸ்டர் எல்லோர் முன்னாலும் அறிவித்தார். மஞ்சுளா மண்டியிட்டு வணங்கி, தெரியாமல் யமே சொல்லிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டால் பிரவுன் பெல்ட். இல்லாவிட்டால் இல்லை.

மஞ்சுளா யோசித்தாள். நான் பார்த்தேன், நிஜமாகவே யோசித்தாள். அவள் கண் மேசைமேல் மடித்து வைத்திருந்த பிரவுன் பெல்ட் மேலேயே இருந்தது. பிறகு சொன்னாள்.

"மலையில போயி அந்தப் புள்ளைங்களுக்கு நான் மொதல்ல சொல்லித் தர வேண்டியதே இந்த வார்த்தைதானுங்க மாஸ்டர். அதுக்கே மன்னிப்புக் கேட்டுட்டுப் போனா, அப்புறம் என்னத்தச் சொல்லித் தர்றது?"

ரெய். வணங்கினாள், முறையாக. நீல பெல்ட்டோடு வெளியே போனாள். பின்னாலேயே நந்தினி. அவர்கள் பின்னால், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நான்.

நேற்று மாஸ்டர் போன் செய்தார். நான் பத்திரிகையில் எழுதுகிறவள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல. குரலில் தேன்.

"மேடம், இதெல்லாம் எழுதாதீங்க. நிறுத்திக்குங்க. மஞ்சுளாவுக்கு பெல்ட் குடுத்துடறேன், மன்னிப்பு கின்னிப்பு வேணாம்."

சஞ்சலப்பட்டேன். பெல்ட் என்னுடையதல்லவே. வார்டனம்மா வேறு, பிரவுன் இல்லாமல் வகுப்பு இல்லை என்று மறுபடி சொல்லிவிட்டிருந்தார். மஞ்சுளாவின் கடைக்குப் போய் அப்படியே சொன்னேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிமிராமல் கேட்டாள்.

"நந்தினி கைய வந்து பாத்தாருங்களா?"

"இல்லை."

"ஏங்கக்கா, வெரல்ல ஊசி எறங்குனா நாமதான் கால எடுக்கணும். மத்தவங்க வெரலுன்னாலும் நாமதான் எடுக்கணும். அது அவருக்குப் புரிஞ்சப்புறம் பெல்ட் தரட்டும். வார்டனம்மாகிட்ட நான் நேர்ல போயிப் பேசிக்கறேன். நீங்க எழுதுங்க."

பெடலிலிருந்து அவள் காலை எடுக்கவில்லை.

நானும்தான்.