கிணற்றுப் பங்கு வழக்கு

பழைய தோல் அட்டையின் மணம் வந்தால் போதும், லண்டனில் நான் தூசு தட்டிய சட்ட நூலகத்தின் குளிர் விரல்களில் ஏறிவிடும். இலங்கைக்கும் லண்டனே கடைசித் தீர்ப்புச் சொன்ன காலத்து வழக்குத் தொகுதி ஒன்றில், யாழ்ப்பாணத்துக் கிணற்றுப் பங்குத் தகராறு ஒன்றைக் கண்டேன். அகதி விசாரணைக்குக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்குப் புறப்பட்ட அறைத்தோழரிடம், தெம்பு வரட்டுமென்று லூயிஷாம் ரயில் மேடையில் அதைச் சொன்னேன்.

“கிணத்தை எத்தினை நாள் விசாரிச்சவங்கள்?”

“நாலு நாள், அண்ணை.”

“எனக்கு அரை நாள் தருவாங்களோ? நானும் கிணறாப் பிறந்திருக்கலாம்.”

சிரித்தோம். அன்றே அவரைத் தடுத்துவைத்து, பிறகு நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருடைய தேநீர்க் கோப்பையோடு நான் அந்த அறையில் தனித்தேன். ரயில் கதவு மூடுமுன் அவர் சொன்னது இதுதான்: “பின்னேரம் சோத்தை நான் வந்து வைக்கிறன். நீ வைச்சால் குழைஞ்சுபோகும்.”