மாடியில் நடந்த பொதுக்குழு

அன்றைக்கு மாடியில் இருந்தவர்கள் நான்கு பேர். எங்கள் சங்கத்தின் தலைவர்; அவருடைய மனைவியின் தம்பியான செயலாளர்; ஆடிட்டர் ஆபீசிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா; பொருளாளரான நான். கீழே, கடை ஷட்டர் ஓரத்து நிழலில், சக்கர நாற்காலிகளில் ஆறு பேர். நிழல் அந்த ஆறு பேருக்குத்தான் போதுமானதாக இருந்தது. ஏழாவதாகக் குமராட்சியிலிருந்து வந்த பெண் வெயிலில் இருந்தாள். அவளுடைய அப்பா டீக்கடைக்குப் போயிருந்தார், அவர் உறுப்பினர் இல்லை. ஆடிட்டர் ஆபீஸ் அம்மாவையும் கழித்தால் உறுப்பினர்கள் பத்துப் பேர். கூட்டம் செல்லுபடியாக ஏழு பேர் போதும். நான் படியேறுவதற்குள் இதை மூன்று தடவை எண்ணிவிட்டேன்.

சக்கர நாற்காலியில் கூடைப்பந்து ஆடுகிறவர்களின் சங்கம் பொதுக்குழுவை மாடியில் வைக்கிறது என்று யாராவது சொன்னால் நானும் சிரித்திருப்பேன். தலைவருக்குக் கடலூரில் ஹார்டுவேர் கடை. கடைக்கு மேலே உள்ள ஹாலுக்கு வாடகை கிடையாது. மண்டபத்துக்குக் கொடுக்கிற காசில் இரண்டு பந்து வாங்கலாமே என்றார். பந்து வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கீழே இருக்கிறவர்களுக்காக ஒரு வழக்கம் வைத்திருந்தோம். கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்பே தீர்மான நோட்டு கீழே போகும். எல்லாரும் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போடுவார்கள், மேலே இடம் காலியாக இருக்கும். கையெழுத்துப் போட்டவர் கையில் சாப்பாட்டுப் பொட்டலம். பிறகு நோட்டு மாடிக்கு வரும், செயலாளர் காலி இடத்தில் தீர்மானங்களை எழுதுவார். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியது நான்தான். ஊருக்குப் போகிற மினி பஸ்ஸைப் பிடிக்க ஆட்கள் பாதியில் கிளம்பிவிட்டால் கூட்டம் செல்லாமல் போய்விடுமே என்று எனக்குக் கவலை. எனக்கு எல்லாமே கவலைதான். அதனால்தான் என்னைப் பொருளாளராகப் போட்டார்கள். பயந்தவன் காசைத் தொடமாட்டான் என்று தலைவர் என் முதுகில் தட்டிச் சொன்னார்.

நான் எட்டாவதோடு நின்றவன். ஒன்பதாம் வகுப்பு மாடியில் இருந்தது. இடது காலில் காலிப்பர் என்ற இரும்புத் தாங்கியைக் கட்டிக்கொண்டு தினமும் அத்தனை படி என்னால் ஆகவில்லை, தையலுக்குப் போய்விட்டேன். சிதம்பரத்தில் இப்போது சொந்தக் கடை. விளையாட்டு நாற்காலியில் ஆட்டக்காரரை இறுக்கிக் கட்டுகிற இடுப்பு பெல்ட்டைத் தைத்துக் கொடுக்கத்தான் முதலில் இந்தச் சங்கத்துக்குள் வந்தேன்.

பொருளாளர் ஆனதும் ஒரு சங்கடம் வந்தது. செக்கில் தலைவரும் நானும் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு செக்குக்கும் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பஸ். ஏறும்போது கண்டக்டர் விசில் ஊதிவிடுவாரோ என்ற பயம், இறங்கும்போது கால் மாட்டிக்கொள்ளுமோ என்ற பயம். ஒரு நாள் தலைவர், உனக்கு எதற்கு இந்த அலைச்சல், செக் புக்கு முழுக்கக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடேன் என்றார். போட்டேன். ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து ஒரே மாதிரி விழ வேண்டுமே என்ற கவலை மட்டும்தான் அன்றைக்கு இருந்தது. வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. சந்தோஷமாகப் போனேன்.

குமராட்சிப் பெண் நாற்று நடப் போனபோது லோடு ஆட்டோ கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவள். எங்கள் அணியில் தூரத்திலிருந்து பந்தைக் கூடையில் போடுகிறவள் அவள் ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் தள்ளிக்கொண்டு போகிற மடக்கு நாற்காலியை வைத்துக்கொண்டு ஆடினாள். மாநில அணித் தேர்வுக்குச் சக்கரம் சாய்ந்திருக்கும் விளையாட்டு நாற்காலி வேண்டும், சொந்தமாக வேண்டும். பாதி விலை ஆட்டக்காரர், பாதி சங்கம் என்பது எங்கள் ஏற்பாடு. நஷ்டஈட்டில் மிச்சமிருந்த முப்பத்தெட்டாயிரத்தை என் கடைக்கு வந்து கொடுத்தாள். அப்போதே அளவெடுத்து பெல்ட் தைத்தேன். பணத்தை மறுநாள் பேங்கில் கட்டினேன். ரசீது புக் தலைவரிடம் இருந்தது. கேட்டேன். அப்புறம் கொடுக்கலாம் என்றார்.

ஏழு மாதம் ஆகியும் நாற்காலி வரவில்லை. தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான். அன்றைக்கு நான் படியில் கால் வைக்கும்போது அவள் கூப்பிட்டாள்.

"அண்ணே, மேல போயி என் சேரு என்னாச்சுன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க. வேற ஒண்ணும் கேக்க வேணாம்."

கேட்கிறேன் என்றேன். அவள் மடியில் சாப்பாட்டுப் பொட்டலம் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று அர்த்தம்.

மேலே கேட்பதற்கு எனக்கு முன்பாகவே ஆடிட்டர் ஆபீஸ் அம்மா கேட்டுவிட்டார். கணக்கில் முப்பத்தெட்டாயிரம் வந்திருக்கிறது, அடுத்த வாரமே ஒரு செக்கில் போயிருக்கிறது, இது என்ன என்றார். அந்த செக்கின் நகலைத் திருப்பி என் பக்கம் வைத்தார். விழாச் செலவு என்று எழுதியிருந்தது. எந்த விழா என்று எனக்கு உடனே தெரிந்தது. தலைவருக்கு யாரோ விருது கொடுத்ததற்கு நாங்கள் நடத்திய பாராட்டு விழா. மேடை, ஃபிளெக்ஸ், பொன்னாடை, முந்நூறு பேருக்குப் பிரியாணி. அந்தப் பெண்தான் மேடைக்குக் கீழே இருந்தபடியே கையை நீட்டித் தலைவருக்கு மாலை கொடுத்தாள். அவர் குனிந்து வாங்கிக்கொண்ட போட்டோ பின்னால் சுவரிலேயே மாட்டியிருந்தது. அவள் காசில் வாங்கிய மாலை.

வந்த பணம் நன்கொடையா, யாருக்காவது திருப்பித் தர வேண்டியதா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார் அந்த அம்மா.

தலைவர் எல்லாரையும் மச்சான் என்றுதான் கூப்பிடுவார். உண்மையான மச்சான் அவர் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க மச்சான்," என்றார் தலைவர். "பேங்க்ல கட்டுனது நீங்க. செக்குல இருக்கறதும் ஒங்க கையெழுத்து. நாளைக்குப் போலீசுன்னு போனா அவுங்க மொதல்ல பாக்கறது கையெழுத்துதான். பாக்கி எதனா இருக்கா?"

குரல் உயரவில்லை. மின்விசிறியை எனக்காக ஒரு பாயின்ட் கூட்டி வைத்தார்.

எனக்கு அப்போது தோன்றியது கடையும் தையல் மிஷினும்தான். ஜெயிலில் காலிப்பரைக் கழற்றி வாங்கி வைத்துக்கொள்வார்களா என்றுகூட யோசித்தேன். அந்தப் பெண்ணை நினைக்கவில்லை. நினைத்தேன் என்று இப்போது எழுதினால் நன்றாகத்தான் இருக்கும்.

"நன்கொடைதாங்க. பாக்கி ஒண்ணும் இல்ல," என்றேன்.

செயலாளர் எழுதினார். கணக்கு ஏகமனதாக ஏற்கப்பட்டது, சங்கம் யாருக்கும் பாக்கி வைத்திருக்கவில்லை. கடைசி வரி அந்தப் பெண்ணின் கையெழுத்துக்கு நேர் மேலே வந்து முடிந்தது. அவள் தன் பெயரைப் பெரிய எழுத்தில் முழுசாக எழுதுகிறவள்.

இறங்கும்போது படி இன்னும் நீளமாக இருந்திருக்கக்கூடாதா என்றிருந்தது. அவள் பொட்டலத்தைப் பிரிக்காமல் காத்திருந்தாள். ரசீது இருந்தால்தான் பேச முடியும் என்கிறார்கள் என்றேன்.

"ரசீது குடுக்க வேண்டியவரு நீங்கதானண்ணே."

நீயும் நோட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறாயே என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அதுவரை யாரோ என்னை மாட்டிவிட்டது மாதிரித்தான் இருந்தது, அந்த வார்த்தைக்குப் பிறகு அப்படி இல்லை. நிழலில் இருந்த ஆறு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஊறுகாய் இல்லையா என்று கேட்டார். அவளுடைய அப்பா வந்து, என்ன ஏது என்று கேட்காமல், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்.

தேர்வுக்கு அவள் போகவில்லை. அணிக்கும் வரவில்லை. தலைவர் இப்போதும் தலைவர். நான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன், அதையும் மாடியில்தான் வாங்கிக்கொண்டார்கள். அவள் அளவுக்குத் தைத்த பெல்ட் கடையில் ஆணியில் தொங்குகிறது. வேறு யாருக்கும் பொருந்தவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு அடுத்த மாதத்திலிருந்து நான் மாதாமாதம் குமராட்சிக்கு மினி பஸ்ஸில் போய் ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு வருகிறேன். நல்லவன் என்பதற்காக இல்லை. அவள் யாரிடமாவது போய்ச் சொல்லிவிடுவாளோ என்ற பயம் ஒரு பக்கம், தூக்கம் வராதது ஒரு பக்கம். முதல் தடவை போனபோது அவள் பணத்தை எண்ணி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினாள். பக்கம் காலியாக இருந்தது.

"மொதல்ல கையெழுத்து போடுங்கண்ணே. மேல நான் அப்புறமா எழுதிக்கறேன்."

போட்டேன். ஒவ்வொரு மாதமும் அப்படித்தான். தண்ணீர் கேட்டால் தருவாள், உட்காரச் சொன்னதில்லை.

பதினாலாவது மாதம் அவள் உள்ளே பணத்தை வைக்கப் போன நேரத்தில் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முன்பு போட்ட என் பதிமூணு கையெழுத்துக்கு மேலேயும் அதே பெரிய எழுத்தில் அதே வார்த்தை: வட்டி. அவள் திரும்பி வந்து, நான் பார்த்ததைப் பார்த்தாள். நோட்டை வாங்கிக்கொள்ளக்கூட அவசரப்படவில்லை. ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"கையெழுத்து ஒங்களுதுதான?" என்றாள்.

கடைசிப் பக்கத்தில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாள்: அசல் பாக்கி முப்பத்தெட்டாயிரம்.