எல்இடி முகமூடியும் டிக்கியில் கிடந்த துப்பட்டாவும்

அக்கா டீச்சர் வேலையில் சேர்ந்ததிலிருந்து வகுப்பில் ஒருநாள்கூடத் துணி மாஸ்க்கைக் கழற்றியதில்லை. கொரோனா போய்விட்டது, கன்னத்துப் பரு போகவில்லை. வகுப்போடு குரூப் போட்டோ எடுக்கிற அன்றைக்கு லீவு போடப்போவதாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என் காதில் விழுந்தது.

அன்றே எல்இடி முகமூடி ஒன்றை ஆர்டர் செய்தேன். ஒன்றைப் படித்தால் உடனே செய்து பார்த்துவிட வேண்டும் எனக்கு. நீல வெளிச்சம் பருக் கிருமிக்கு, சிவப்பு வீக்கத்துக்கு என்று வீட்டில் பாடமே நடத்தினேன். சாயங்காலம் அக்கா முகம் கழுவி, அதை மாட்டிக் கண்ணை மூடிப் பத்து நிமிஷம். சித்திரைத் திருவிழா சீரியல் லைட்டை மூஞ்சியில் மாட்டியிருக்கிறாள் என்று அம்மா சிரிப்பாள்.

ஒரு மாதத்தில் நெற்றி தெளிந்தது. கன்னமும் தாடையும் அப்படியே. நேரத்தைக் கூட்டலாமா என்றேன். அக்கா முகமூடியை டப்பாவில் வைத்து மூடினாள்.

தினமும் அவள் ஸ்கூட்டியில்தான் கோரிப்பாளையம் வரை போவேன். வெயிலுக்கும் தூசிக்கும் இருவரும் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொள்வோம். ஒருநாள் என்னுடையதை மறந்துவிட்டேன். அக்கா தன்னுடையதைக் கொடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனதும் தேங்காயெண்ணெய், வேர்வை, பெட்ரோல்.

“அக்கா, இத எப்பத் தொவச்ச?”

“அது வண்டியில கெடக்குறதுதான?”

பஞ்சர் ரசீது, பழைய ரெயின்கோட்டோடு டிக்கியில் கிடப்பதால் அதுவும் வண்டிச் சாமான் ஆகிவிட்டது. துவைக்க வேண்டிய துணி என்று யாருக்கும் தோன்றவில்லை. வெளிச்சத்தைப் பற்றி அம்புட்டுப் படித்த நானும் டிக்கியைத் திறந்து பார்க்கவில்லை.

“மறைக்கிறதுனாலதான் வருதுங்கிறியா?” என்றாள், சிக்னலில் நிற்கும்போது, திரும்பாமல்.

“பாதி அதுனாலதான்க்கா இருக்கும்.”

அதன்பின் துப்பட்டா, மாஸ்க் எல்லாம் தினமும் வாளிக்குப் போயின. முகமூடியும் டப்பாவிலிருந்து வெளியே வந்தது. போட்டோ நாளுக்குள் சிவப்பு கொஞ்சம் அடங்கியிருந்தது. முழுசாகப் போகவில்லை. காலையில் மாஸ்க்கோடுதான் கிளம்பினாள்.

சாயங்காலம் அவளே சொன்னாள். முன்வரிசைப் பையன் ஒருவன் நிமிர்ந்து பார்த்து, “டீச்சர், எங்க அக்காளுக்கும் இப்படிப் பரு இருக்கு” என்றானாம்.

“நீ என்ன சொன்ன?”

“தொப்பட்டாவத் தொவைக்கச் சொல்லுன்னேன்.”

போட்டோ இப்போது பீரோக் கண்ணாடியில் செருகியிருக்கிறது. அக்காவின் இரண்டு கன்னத்திலும் மாஸ்க் நாடாவின் தடம் தெரிகிறது.